அமைதிப்படையில் போன பையனுக்கு ஊரில் கல் வைக்கலாமா?

கேள்வி (ஒரு வாசகர், 8 அக்டோபர் 2024)

1987-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பையன்களும் இருந்தார்கள். அவர்களில் செத்தவர்களைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. கார்கிலில் இறந்தவர் என்றால் போஸ்டர் ஒட்டுகிறோம், கொடியேற்றுகிறோம். அமைதிப்படைக்காரருக்குக் கல் வைத்தால் அது ஈழத்தமிழருக்குச் செய்கிற துரோகம் என்கிறான் என் நண்பன். யார் வீட்டிலாவது அப்படி ஒருவர் உண்டா? என்ன நினைக்கிறீர்கள்?

9 அக்டோபர், இரவு

எங்கள் வீட்டில் உண்டு. என் அம்மாவின் கடைசித் தம்பி, எனக்கு மாமா. மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். 1987 அக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் இறந்தார். வயது 21. அப்போது எனக்குப் பத்து வயது. ஊர் செங்கம் பக்கம், அந்தக் காலத்தில் வட ஆற்காடு மாவட்டம், இப்போது திருவண்ணாமலை. கல் கிடையாது, சிலை கிடையாது, பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு போட்டோகூடக் கிடையாது. ஊர் மறந்துவிட்டது.

துரோகமா இல்லையா என்பதற்கு என்னிடம் இப்போதைக்குப் பதில் இல்லை. முப்பத்தேழு வருஷமாக வீட்டுக்குள்ளேயே வைத்து அழுத ஒரு சாவைப் பற்றி வேண்டுமானால் எழுத முடியும்.

10 அக்டோபர், காலை

மாமா பட்டாளத்துக்குப் போனது 1985-ல். தேசபக்தி என்று சொன்னால் பொய். தாத்தாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி, மழை வந்தால் மல்லாட்டை (நிலக்கடலை), வராவிட்டால் கூலி. வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாலு பேர் போனார்கள், ஓட்டத்தில் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள், ஒருவருக்கு மார்பளவு பத்தவில்லை, இவர் மட்டும் தேறினார். அப்புறம் வெலிங்டன். குன்னூரில் இறங்கியதும் குளிரில் பல் தந்தியடித்த கதையை அவர் சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. எங்கள் ஊரில் மார்கழிக் குளிரே பெரிய குளிர்.

இரண்டு தடவை லீவில் வந்தார். இரண்டாவது தடவை 1987 கோடையில். கையில் கடிகாரம், தோளில் டிரான்சிஸ்டர், தலையில் கறுப்பு டிரங்குப் பெட்டி. பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், பெயர், ரெஜிமெண்ட். நம்பர்தான் பெரிதாக இருக்கும், பெயர் அதற்குக் கீழே. ஆயா அதைத் தடவிப் பார்த்துவிட்டு "என்னடா, மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி" என்றது. மாமா சிரித்துக்கொண்டே "அதான் நானு, அந்த நம்பரை மறந்தா எனக்கு லெட்டரே வராது" என்று சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கும் எட்டாவதோடு நின்றுபோன என் அம்மாவுக்கும் அதை மனப்பாடம் செய்யவைத்தார். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தது இன்னும் காதில் இருக்கிறது.

தெருப்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் ஆளுக்கொரு சவுக்குக் குச்சி கொடுத்து டிரில் சொல்லிக்கொடுப்பார். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று அவர் ரெஜிமெண்ட் கோஷத்தைப் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து கத்தியதில் பக்கத்து வீட்டு ஆடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடி, அந்த வீட்டுக் கிழவி விளக்குமாற்றோடு எங்கள் படையை விரட்டியது.

10 அக்டோபர், மதியம்

"தமிழனைச் சுடுவதற்கு ஏன் போனார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவர் சுடுவதற்குப் போகவில்லை. 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், மறுநாளே பலாலியில் விமானங்கள் இறங்கின. யாழ்ப்பாணத்து ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள், படங்கள் இருக்கின்றன. மாமா ஆகஸ்ட் முதல் வாரத்தில் போனார். புலிகளோடு சண்டை தொடங்கியது அக்டோபர் 10. கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த மண்ணில் அவர் இரண்டு மாதத்துக்கு மேல் விருந்தாளியாக இருந்தார், எதிரியாக இருந்தது பத்து நாள்கூட இல்லை. இதில் எந்த மாற்றத்தையும் அவரைக் கேட்டு யாரும் செய்யவில்லை. சிப்பாயிடம் யாரும் கேட்பதில்லை.

10 அக்டோபர், இரவு

மேலே எழுதியது கொஞ்சம் கோபத்தில் எழுதியது. "யாரும் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டால் அவர் கையில் துப்பாக்கி இல்லை என்று ஆகிவிடாது. இருந்தது. அந்தப் பத்து நாளில் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, அதை மூடி எழுதக் கூடாது.

இலங்கையிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. 56 ஏ.பி.ஓ. என்ற முகவரி, ஊர்ப் பெயர் இருக்காது. முதல் கடிதத்தில் ஒரு பத்தி அம்மாவுக்கு இப்போதும் மனப்பாடம்: "அக்கா, இங்கே எல்லோரும் நம்ம பாஷைதான். ஆனால் ஆமாம் என்பதற்கு ஓம் என்கிறார்கள். தண்ணி இருக்கா என்று கேட்டால் ஓம், வழி இதுவா என்று கேட்டால் ஓம். முதலில் எல்லாரும் சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். இந்திக்கார ஆபீசருக்கும் இவர்களுக்கும் நடுவில் நான்தான் பேசுகிறேன். ஒரு கிழவி நம்ம அம்மா மாதிரியே இருக்கு, தினமும் கிணற்றில் தண்ணி எடுக்க விடும்."

இரண்டாவது கடிதத்தில் நாலே வரி. தீபாவளிக்கு மணியார்டர் அனுப்பியிருக்கிறேன், பிள்ளைகளுக்குத் துணி எடுங்கள்.

12 அக்டோபர்

தந்தி வந்த நாளைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, ஆயா அதிரசம் தட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறது, வாசலில் சைக்கிள் மணி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் தந்தி என்றால் சாவுதான், கல்யாணத்துக்கெல்லாம் தந்தி கொடுக்கிற வசதி ஊரில் யாருக்கும் இல்லை. தந்திக்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டதுமே பக்கத்து வீட்டுப் பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள், எந்த வீட்டுக்கு என்றுகூடத் தெரியாது. இங்கிலீஷ் தந்தி. பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டிவரப் போனார்கள். அவர் படித்தார், திரும்பவும் ஒரு தடவை படித்தார், நாலாக மடித்துத் தாத்தாவின் கையில் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைத்தான் பார்த்தேன் நான், மடித்துப் பையில் வைத்ததை. அப்புறம் எல்லாம் சத்தம்.

உடல் வரவில்லை. அப்போது அந்த வழக்கம் இல்லை. சண்டையில் இறந்தவர்களைப் பெரும்பாலும் அங்கேயே எரித்துவிடுவார்கள். பெட்டியில் வைத்து ஊர் ஊராக அனுப்பி, கலெக்டர் மாலை வைத்து, குண்டு முழங்கி எரிக்கிறதை நம் ஜனங்கள் பார்த்தது 1999 கார்கிலில்தான். எங்களுக்கு வந்தது சில வாரம் கழித்து அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டி. தாத்தா அதைத் திறக்கவிடவில்லை. அதே டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். இறந்தார், ஊரே மொட்டை போட்டுக்கொண்டது, தாத்தாவும் போட்டுக்கொண்டார். பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எம்.ஜி.ஆருக்காகப் போட்ட மொட்டையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். எங்கள் ஊரில் மாமா செத்ததை இப்போதும் "எம்.ஜி.ஆர். சாவுக்கு ரெண்டு மாசம் முந்தி" என்றுதான் சொல்வார்கள்.

13 அக்டோபர்

திருத்தம். நேற்று எழுதியதை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். அம்மா நடுவில் கையமர்த்தி "தப்பு" என்றது.

தந்தி தீபாவளிக்கு முன்னால் வரவில்லையாம். தீபாவளி புதன்கிழமை, அக்டோபர் 21. கேதாரகௌரி நோம்பு வியாழக்கிழமை. தந்தி வந்தது அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. அதாவது மாமா இறந்தது திங்கள், நாங்கள் புதன்கிழமை அவர் பணத்தில் எடுத்த துணியைப் போட்டுக்கொண்டு பட்டாசு வெடித்தோம். வியாழக்கிழமை ஆயா கலசம் வைத்து, அவர் பெயரைச் சொல்லி நோம்புக் கயிறு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தது, லீவில் வரும்போது கட்ட. "அன்னைக்கு நாமெல்லாம் சந்தோஷமாத்தாண்டா இருந்தோம்" என்றது அம்மா. நான் ஊதா நிறச் சட்டை போட்டிருந்தேனாம், அணுகுண்டு கேட்டு அழுதேனாம்.

முப்பத்தேழு வருஷமாக என் மனசு தந்தியை மூன்று நாள் முன்னால் இழுத்து வைத்திருக்கிறது. அதிரசம், எண்ணெய்ச் சட்டி, சைக்கிள் மணி எல்லாம் உண்மை, ஆனால் ஒரே நாளில் நடக்கவில்லை.

16 அக்டோபர்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. அவர் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார், அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் ஊதாச் சட்டையில் பட்டாசு வெடித்த அதே தீபாவளி நாளில்தான் இந்தியப் படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்தது. மருத்துவர்கள், தாதிகள், நோயாளிகள் என்று அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். அவருடைய சின்னம்மா அங்கே தாதி. இரவு முழுக்கப் பிணங்களுக்கு நடுவில் அசையாமல் கிடந்து பிழைத்தவர். இப்போதும் தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாராம். "உங்கட மாமாவுக்குக் கல் வையுங்கோ, தாயும் தமக்கையும் அழத்தானே வேணும். ஆனால் அந்தக் கல்லில அமைதி காக்கப் போய் இறந்தவர் எண்டு மட்டும் எழுதாதேங்கோ" என்று முடித்திருக்கிறார்.

மாமா அதற்கு இரண்டு நாள் முன்பே இறந்துவிட்டார், அந்த ஆஸ்பத்திரிக்குள் அவர் போகவில்லை என்று உடனே பதில் எழுதினேன், அப்புறம் அழித்துவிட்டேன். அது அந்தச் சின்னம்மாவுக்கு என்ன பதில்? மாமா போட்டிருந்த அதே உடுப்புத்தான் உள்ளே போனது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான், நீங்கள் வேண்டாம் என்ற அந்த வார்த்தை கல்லில் வராது.

17 அக்டோபர்

கலைஞர் போகாததைப் பற்றி இரண்டு பேர் இங்கே சண்டை போட்டிருக்கிறார்கள். 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கியவர்களை வரவேற்க முதலமைச்சரான அவர் போகவில்லை, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. தாத்தா கட்சிக்காரர் இல்லை, அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு "அவரு சொல்றதும் சரிதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "எம் புள்ளை அந்தக் கப்பல்ல இல்லையே, இருந்திருந்தா நான் போயிருப்பேன்" என்றார். இரண்டையும் ஒரே மனுஷன் ஒரே சாயங்காலத்தில் சொன்னார். நீங்கள் இருவரும் எழுதியதைவிட எனக்கு அது போதும்.

20 அக்டோபர்

கல்லில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பதில் எங்கள் ஊரைச் சுற்றியே கிடந்திருக்கிறது.

செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் எத்தனை இருக்கின்றன என்பது வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். பலவும் பல்லவர் காலத்தவை. ஏரிக்கரையில், கொல்லையில், புளியமரத்தடியில் நிற்கும். கையில் வில்லும் வாளுமாக ஒருவன், பக்கத்தில் எழுத்து. நாங்கள் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம், பொங்கல் வைக்கிறோம், கிடா வெட்டுகிறோம், பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறோம். சின்ன வயதில் அது சாமி என்றுதான் தெரியும், செத்துப்போன ஆள் என்று தெரியாது. பெரும்பாலும் மாடு பிடிக்கிற சண்டை. பக்கத்து ஊர்க்காரன் மந்தையை ஓட்டிக்கொண்டு போவான், இந்த ஊர்ப் பையன் மீட்கப் போவான், செத்துப்போவான். அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊர், இன்னாருடைய ஆள், இன்னார், தொறு மீட்டுப் பட்டான், கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் விழுந்தான், செத்தான். அவ்வளவுதான். வீரம் என்ற சொல் இல்லை, தியாகம் என்ற சொல் இல்லை. யார் பக்கம் நியாயம் என்று இல்லை.

எடுத்தனூரில் ஒரு கல் உண்டு, தண்டராம்பட்டுப் பக்கம். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. அவன் காலடியில் ஒரு நாயைச் செதுக்கியிருக்கிறார்கள், அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளனைக் கடித்துவிட்டுக் காத்து நின்றதாம். சுமார் 1400 வருஷம் முன்னால் செத்த ஒரு நாயின் பெயர் எங்கள் தாலுகாக்காரர்களுக்குத் தெரிகிறது. மாமாவின் பெயர் என் தங்கை பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. போட்டோவைக் காட்டி யார் என்று கேட்டால் தாத்தாவா என்கிறார்கள். 21 வயதுப் பையனை.

21 அக்டோபர்

இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. நேற்றிரவு யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தனியாக எழுதினேன்.

25 அக்டோபர்

இன்னொரு திருத்தம், இது பெரியது. "ஊர் மறந்துவிட்டது" என்று முதல் நாளே எழுதினேன். தப்பு.

எங்கள் ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஒரு வேப்பமரம். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது "பட்டாளத்தான் மரம் ஒண்ணு" என்று கேட்டால் கண்டக்டர் கிழித்துக் கொடுப்பார். நான் பிறந்தது முதல் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குப் போன யாரோ ஒரு பெரியவரின் மரம் என்று என் கற்பனை. நேற்று ஊரிலிருந்து மாமாவோடு படித்த ஒருவர் போன் செய்தார். யாரோ இந்த இழையை அவருக்குப் படித்துக்காட்டியிருக்கிறார்கள். "ஏம்பா, ஊரு மறந்துடுச்சின்னு எழுதியிருக்கியாமே, நீ எந்த மரத்தாண்ட எறங்கி வூட்டுக்குப் போற?" என்று கேட்டார். முதல் லீவில், 1986-ல், மாமா வைத்த கன்று. சுற்றி முள் கட்டி, லீவு முடியும்வரை தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, திரும்பிப் போகும்போது இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாராம். தந்தி வந்த வருஷம் இடுப்பு உயரம் இருந்ததாம். இவர் ஆடு கடிக்காமல் பார்த்துக்கொண்டார், கூட விளையாடிய பையன்கள் அந்த இடத்துக்கு அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள், அப்படியே நின்றுவிட்டது.

ஆயிரம் தடவையாவது நான் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கியிருப்பேன்.

31 அக்டோபர், தீபாவளி

எங்கள் வீட்டில் நோம்பு கிடையாது. தீட்டு அன்று நோம்பு விட்டுப்போனால் வீட்டில் குழந்தை பிறந்தோ மாடு கன்று ஈன்றோ திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆயாவுக்கு அப்படி விட்டுப்போகவில்லை, அதுவே நிறுத்தியது. அவன் அங்கே கிடக்கும்போது நான் இங்கே அதிரசம் சுட்டேன் என்று ஒரு தடவைதான் சொன்னது, அப்புறம் எண்ணெய்ச் சட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டது. 2004-ல் சாகும்வரை இறக்கவில்லை.

கார்கில் சமயத்தில் பக்கத்து டவுனுக்கு ஒரு பெட்டி வந்தது. கொடி போர்த்திய பெட்டி, ரோடெல்லாம் ஜனம், கடைகள் அடைப்பு. ஆயா போயே தீருவேன் என்று அடம்பிடித்ததால் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, "அவளுக்குப் பெட்டியாவது வந்துச்சு" என்றது.

9 நவம்பர்

டெல்லியைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், தேசியப் போர் நினைவகத்தில் பெயர் இருக்கிறது. 2019 பிப்ரவரி 25-ல் திறந்தார்கள். தியாக சக்கரம் என்று வட்ட வட்டமான சுவர்கள், ஆளுக்கு ஒரு கிரானைட் கல், 25,000 பெயருக்கு மேல். அமைதிப்படைக்காரர்களும் அதில் உண்டு. இலங்கையில் செத்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1200 பேர். கொழும்புக்குப் பக்கத்தில், ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில் இலங்கை அரசும் அவர்களுக்கு ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறது, பலாலியிலும் ஒன்று உண்டு. டெல்லியில் கல் இருக்கிறது, சிங்கள தேசத்தில் கல் இருக்கிறது, மல்லாட்டைக் கொல்லை ஓரத்தில்தான் இல்லை.

என் தம்பி டெல்லி போனபோது கல்லைத் தேடிக் கண்டுபிடித்துப் போனில் படம் அனுப்பினான். அம்மாவிடம் காட்டினேன். போட்டோவில் செத்துப்போன தன் தம்பியின் முகத்தைத் தடவுகிற மாதிரி விரலால் எழுத்தைத் தடவியது, இரண்டு விரல் பட்டதில் படம் பெரிதானது. அம்மா பயந்து கையை எடுத்துவிட்டது. அப்புறம் தானாகவே திரும்ப இரண்டு விரலை வைத்து விரித்து விரித்துப் பெரிதாக்கி, திரை முழுக்க ஓர் எழுத்து மட்டும் நிற்கும்வரை போனது.

ஊரில் கல் வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதலில் சொன்னது. "டெல்லிக்கு நான் எப்படா போறது?" என்றது.

24 நவம்பர்

இந்த இழையைப் படித்த ஒருவர் மூலமாக, மாமாவோடு ஒரே கம்பெனியில் இருந்தவரைப் பார்த்தோம். தர்மபுரிப் பக்கத்துக்காரர், அறுபது தாண்டிவிட்டது, ஒரு காது கேட்காது. அம்மாவை அழைத்துக்கொண்டு காரில் போனேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வயது 21 என்று எழுதினேன் இல்லையா, அவர் சிரித்தார், "சர்டிபிகேட் வயசு சார் அது." அம்மாவும் அப்போதுதான் ஒத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒரு வருஷம் கூட்டிப் போட்டார்களாம். அண்ணாதுரை முதலமைச்சர் ஆன வருஷம்தான் பிறந்தது, 1967. அப்படியென்றால் இருபதுதான். டெல்லிக் கல்லைப் பார்த்துவிட்டு நாங்கள் எல்லாரும் "இருபத்தொண்ணு" என்று சொல்லிச் சொல்லி அழுதோம்.

அவர் சொன்னது: பலாலியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போகிற பாதை. செம்மண், பனைமரம், கிடுகு வேலி. ரோட்டில் கண்ணிவெடி. மாமா மூன்றாவது ஆளாக நடந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டது மட்டும்தான் தெரியும், அதிலே போனதுதான் இவருடைய காது. அந்தக் கிணற்றுக் கிழவியைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. சண்டை தொடங்கியதும் அந்த வீடு பூட்டிக்கிடந்தது, கிணற்றில் வாளி இல்லை. மாமா எட்டிப் பார்த்துவிட்டு "கயித்தையும் எடுத்துட்டுப் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னாராம். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நாலைந்து இடத்தில் அவராகவே நிறுத்திக்கொண்டார், அங்கேயெல்லாம் என்ன இருந்தது என்று எனக்கு ஓரளவு புரிந்தது.

எரித்தது பலாலியில். ஐந்து பேரை வரிசையாக. "நம்ம ஆளுங்களுக்கு நான்தான் கொள்ளி வெச்சேன்" என்றார். அம்மா அதுவரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சட்டென்று நிமிர்ந்து, "தலை எந்தப் பக்கம் வெச்சீங்க?" என்று கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. நல்ல காதின் பக்கம் போய்க் குனிந்து திரும்பக் கேட்டது.

"தெக்கதாம்மா. தெக்கதான் வெச்சோம்."

அம்மா தலையாட்டியது. அப்புறம் அவர் வீட்டில் சாப்பிட்டது, சாவுச் செய்தி கேட்ட வீட்டில் சாப்பிடுகிற மாதிரி, குனிந்த தலை நிமிராமல். வருகிற வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தது. அம்மா காரில் தூங்கி நான் பார்த்ததில்லை.

26 நவம்பர்

முதல் கேள்வி கேட்டவருக்கு. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. எப்படிப்பட்ட கல் என்பதைப் பொறுத்தது. அந்தப் போர் நல்லது என்று சொல்கிற கல் என்றால் எனக்கும் வேண்டாம். எங்கள் வீட்டுப் பையன் இங்கே பிறந்தான், அங்கே பட்டான் என்று சொல்கிற கல் என்றால் யாழ்ப்பாணத்து அந்தச் சின்னம்மா வந்து பார்த்தாலும் என்னால் பக்கத்தில் நிற்க முடியும். இப்படித்தான் இன்றைக்கு நினைக்கிறேன்.

8 டிசம்பர்

இடம் முடிவாகிவிட்டது, மரத்தடி. ஓர் அலுவலகத்தில் அனுமதி கேட்டால் சிலையா கல்லா என்று மூன்று வாரமாக யோசிக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் "மரம் நம்மளது, கல்லும் நம்மளது, மண்ணு நாம கும்பிடுறது, வைப்பா" என்றார்கள்.

12 ஜனவரி 2025

வாசகம்: இன்ன ஊர் இன்னார் மகன், மெட்ராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய், பெயர், வயது இருபது, 19-10-1987 யாழ்ப்பாணத்துச் சண்டையில் பட்டான் கல்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு அனுப்பினேன். "சரியா இருக்கு. வையுங்கோ" என்று பதில் வந்தது. மாமாவோடு படித்தவர் மட்டும் "பட்டான்" யாருக்கும் புரியாது, "வீரமரணம் அடைந்தார்" என்று போடச் சொன்னார். கிடா வெட்டுகிற வேடியப்பன் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கூட்டிக்கொண்டுபோய்ப் படித்துக்காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்.

கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார், சைபர்கூட ஓர் எழுத்து. நம்பர் வேண்டாமே, நீளமாக இருக்கிறது, செலவும் மிச்சம் என்றார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டது. பேப்பர் எடுங்க என்றது. ஆயாவும் அதுவும் திண்ணையில் ஒப்பித்த அதே ராகத்தில், ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னது. அவர் திருப்பிச் சொன்னார். நடுவில் ஓர் எண் மாறிவிட்டது போல.

"இல்லப்பா, முதல்ல இருந்து சொல்றேன், எழுதிக்கோ" என்று அம்மா திரும்பவும் ஆரம்பித்தது.